இருதய வால்வுச் சத்திரசிகிச்சை: முன்னும் பின்னும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, எதனை எழுதுவது என்று சிறிது தயங்கினோம். பாடசாலை நினைவுகளை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் பட்டறிந்து கூறத்தக்க பொருளொன்று எம் நெஞ்சினுள்ளேயே இருக்கின்றது. அஃது இரவும் பகலும் ‘டிக், டிக்’ என ஒலித்துக்கொண்டிருக்கின்றது. வீடு அடங்கிய பின் அருகிற் படுத்திருக்கும் பேரன், “அப்பப்பா, மணிக்கூட்டை விழுங்கிப் போட்டியளோ?” என்று கேட்பான். 2012ஆம் ஆண்டு கொழும்பில் எம் இருதயத்திற் பொருத்தப்பெற்ற செயற்கை வால்வின் ஒலி அது.

யாம் வைத்தியர் அல்லோம். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறிய பழைய மாணவருள் ஒருவரே. ஆயினும் இந்நோயுடையார் எம் ஊரிலும் அயலூர்களிலும் பலர் உளராதலின், சத்திரசிகிச்சைக்கு ஆயத்தஞ் செய்வது எங்ஙனம், அதன் பின் எதிர்பார்க்கத்தக்கவை யாவை என்பவற்றை எடுத்துரைத்தல் பயன்தரும் என எண்ணினோம். இக்கட்டுரை வைத்தியர் சொல்லுக்கு மாற்றன்று. வைத்தியரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதற்கு வழிகாட்டியாக அமையுமாயின் அதுவே போதும்.

திருவள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிபுரிவோர். சத்திரசிகிச்சை என்றவுடன் எல்லாரும் வைத்தியர் ஒருவரையே நினைக்கின்றனர். அவரோ தமது பங்கை ஒரு பகலிற் செய்து முடித்துவிடுகின்றார். ஏனைய மூன்று கூறுகளும் அதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கி, வாழ்நாள் முழுவதும் தொடர்வன. அவற்றிற் குறைவு நேர்ந்தால், வைத்தியர் செய்த அரும்பணியும் வீணாகும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

வால்வும் அதன் பழுதும்

இருதயத்தில் அறைகள் நான்கு, வால்வுகளும் நான்கு. மேலே இரண்டு சோணையறைகளும் கீழே இரண்டு இதயவறைகளும் உள. வலப்பக்கத்து அறைகளுக்கிடையே முக்கூர் வால்வும், இடப்பக்கத்து அறைகளுக்கிடையே இருகூர் வால்வும் அமைந்துள்ளன. இதயவறைகளிலிருந்து பெருநாடியும் நுரையீரல் நாடியும் புறப்படும் வாயில்களில் அரைமதி வால்வுகள் இரண்டு உள. இவை யாவும் ஒருவழிக் கதவுகள். நிமிடத்துக்கு 70 முறை எனக் கொண்டால், ஒரு நாளில் ஓர் இலட்சம் முறைக்கு மேலும், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 68 இலட்சம் முறையும் ஒவ்வொரு கதவும் திறந்து மூடுகின்றது.

தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாயடியிலுள்ள வால்வை எம் மாணவர் கண்டிருப்பர். அது திறந்தால் நீர் மேலேறும். மூடினால் ஏறிய நீர் கீழிறங்காது. அது பழுதுறும் வகை இரண்டு. இறுகிப்போய் முழுதும் திறவாதிருத்தல் ஒன்று; தேய்ந்துபோய் முழுதும் மூடாதிருத்தல் மற்றொன்று. இருதய வால்வுக்கும் இவ்விரண்டே. முன்னதை ஒடுக்கம் என்றும் பின்னதை ஒழுக்கு என்றும் கூறலாம். எதுவாயினும், இருதயம் தன் வேலையை இரட்டித்துச் செய்து நாளடைவில் தளர்கின்றது. படியேறும்போது மூச்சு வாங்குதல், நிமிர்ந்து படுக்க இயலாமை, கால் வீக்கம், நெஞ்சுநோ, திடீர் மயக்கம் என்பன அத்தளர்ச்சியின் அறிகுறிகள்.

வால்வு பழுதுறுதற்குக் காரணங்கள் பல. சிலர் மூன்று இதழ்கள் இருக்கவேண்டிய பெருநாடி வால்வில் இரண்டு இதழ்களுடனே பிறக்கின்றனர். முதுமையில் வால்விற் சுண்ணாம்பு படிகின்றது. எம் போன்றோர்க்கு வந்த காரணம் வேறு. யாம் பன்னிரண்டு வயதில் தொண்டைநோவுற்றுச் சில வாரங்களின் பின் காய்ச்சலிற் படுத்தோம். முழங்கால் வீங்கி ஆற, முழங்கை வீங்கிற்று. எண்ணெய் தேய்த்தனர், ஒத்தடம் கொடுத்தனர், மாறிவிட்டது. மாறாதது ஒன்று உள்ளே இருந்ததை எவரும் அறியவில்லை. அது மூட்டுவாதக் காய்ச்சல். மூட்டுகளை விட்டு நீங்கிய அந்நோய் இருகூர் வால்வில் வடுவை விட்டுச் சென்றது. நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் கோயில் வீதியை ஒருமுறை சுற்றி வருவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கியபோதுதான் அது வெளிப்பட்டது.

வந்த வழி

1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், எம்மூர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை எம்மூர்ப் பிள்ளைகள் அறிவர். அதே மாதம் 26ஆந் திகதி, அத்துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள பொஸ்ரன் நகரில், ரொபேட் குறொஸ் என்னும் இளம் சத்திரசிகிச்சையாளர், ஏழு வயதுச் சிறுமியொருத்தியின் இருதயத்தை அடுத்து, பிறந்த பின்னும் மூடாதிருந்த குருதிக் குழாயொன்றைக் கட்டி மூடினார் என்பதை அறிந்தவர் சிலரே. இருதயத்தின் வாயில்வரை கத்தி சென்று வெற்றியுடன் திரும்பிய நாட்களுள் அது குறிப்பிடத்தக்கது.

வாயிலைக் கடந்து உள்ளே சென்றோரும் முன்னரே இருந்தனர். 1925இல் இலண்டனில் ஹென்றி சௌட்டர் என்பவர் ஒடுங்கிய இருகூர் வால்வைத் தம் விரலாலேயே அகட்டினார். நோயாளி பிழைத்தார். எனினும் வேறொரு நோயாளியை அவரிடம் அனுப்ப வைத்தியர்கள் துணியவில்லை. 1948இலேதான் அம்முறை மீண்டும் தலையெடுத்தது. 1953இல் ஜோன் கிப்பன், இருதயத்தினதும் நுரையீரலினதும் வேலையைச் சிறிது நேரம் ஏற்கும் இயந்திரத்தைக் கொண்டு சத்திரசிகிச்சை செய்து வெற்றி கண்டார். 1960இல் அல்பேட் ஸ்ரார் என்னும் சத்திரசிகிச்சையாளரும் லோவெல் எட்வேட்ஸ் என்னும் இளைப்பாறிய பொறியியலாளரும் கூட்டினுள் உருளும் பந்துபோன்ற வால்வொன்றை அமைத்து மனித இருதயத்திற் பொருத்தினர்.

அவ்வால்வுகள் எம் நாடுகளை எட்டியபோது விலை எட்டாததாயிருந்தது. இக்குறையைப் போக்க எழுந்ததே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் முயற்சி. அதன் தலைவராயிருந்த வலியத்தான் என்னும் இருதய சத்திரசிகிச்சையாளரும் உடனிருந்த பொறியியலாளரும் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். மூன்று வடிவங்கள் சோதனையிற் கைவிடப்பட்டன. அவற்றுட் செயற்கை நீலக்கல்லால் வட்டுச் செய்த வடிவமும் ஒன்று. நான்காவது வடிவத்தில், உறுதிமிக்க உலோகக் கூட்டினுள் பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த மிகக் கடினமான நெகிழிவட்டு சாய்ந்து திறந்து மூடியது. 1990ஆம் ஆண்டு டிசெம்பரில் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் அவ்வால்வு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்குப் பயன்பட்டது. மும்முறை தோற்றும் கைவிடாத அவ்வூக்கம் எம் விஞ்ஞான மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எந்த வால்வு?

வால்வு பழுதுற்றோர் அனைவர்க்கும் புதியது பொருத்துவதில்லை. இயலுமிடத்து இருப்பதையே செம்மையாக்குவர். ஒடுங்கிய இருகூர் வால்வைத் தொடைவழிச் செலுத்திய பலூனால் அகட்டும் முறை 1980களில் ஜப்பானிய வைத்தியர் இனோவேயால் அறிமுகமாயிற்று. நெஞ்சைத் திறவாமலே பெருநாடி வால்வைக் குழாய்வழிப் பொருத்தும் முறையை 2002இல் பிரான்சு நாட்டு அலன் கிறிபியே செய்து காட்டினார். அது பெரும்பாலும் முதியோர்க்கு உரியது. இவை பொருந்தாதபோதே நெஞ்சைத் திறக்கும் சத்திரசிகிச்சை.

பொருத்தும் வால்வு இருவகைப்படும். கரியாலும் உலோகத்தாலும் ஆகிய இயந்திர வால்வு வாழ்நாள் முழுவதும் உழைக்கும். ஆனால் அதன்மேற் குருதி உறையாதிருக்க வார்பரின் என்னும் குளிசையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். விலங்கின் இழையத்தால் ஆகிய வால்வுக்கு அத்தொல்லை பெரும்பாலும் சில மாதங்களோடு முடியும். ஆயின் அது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து, மறுமுறையும் சிகிச்சை தேவைப்படலாம். இளையோரில் அது விரைவிலே தேய்கின்றது. ஆதலின் இளவயதினர்க்கு இயந்திர வால்வையும், முதியோர்க்கு இழைய வால்வையும் வைத்தியர் பொதுவாக எடுத்துரைப்பர்.

ஈண்டு மூன்று செய்திகளைக் குடும்பத்தார் முன்னரே பேசித் தெளிதல் வேண்டும். முதலாவது, பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்ணாயின், வார்பரின் கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு விளைக்கக் கூடியது. இதனை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். நாணத்தால் மறைத்தல் இரண்டு உயிர்களுக்கு இடராகும். இரண்டாவது, குருதிப் பரிசோதனைக்கு ஒழுங்காகச் சென்றுவர நோயாளிக்கு வழியுண்டா என்பது. மூன்றாவது, இழைய வால்வு பன்றியின் வால்வாலோ மாட்டின் இருதயவுறையாலோ செய்யப்படுவது. சைவ ஆசாரமுடையோர் சிலர் இதனைப் பின்னர் அறிந்து மனங்கலங்குகின்றனர். அவர்கள் அதை முன்னரே கேட்டறிந்து, தம் மனத்துக்கும் உடலுக்கும் ஒப்ப முடிவு செய்தல் நன்று. சத்திரசிகிச்சையின் ஆபத்து நூற்றுக்கு எத்தனை என்பதையும் கேட்கலாம். வயது, வேறு நோய்கள், இருதயத்தின் வலிமை என்பவற்றுக்கேற்ப அது ஆளுக்காள் வேறுபடும்; அயலவர் சொல்லும் கணக்கு உமக்குப் பொருந்தாது.

ஆயத்தம்

அரசாங்க வைத்தியசாலைகளிற் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. எமக்கு அந்நாட்கள் பெருஞ்சோர்வைத் தந்தன. பின்னரே அக்காலம் வீண்காலமன்று, கப்பல் புறப்படுமுன் பாய்களைத் தைத்துக் கயிறுகளைச் சோதிக்கும் காலம் என்பதை உணர்ந்தோம். இக்காலத்திற் செய்யவேண்டியவை வருமாறு.

புகைபிடித்தலை அறவே நிறுத்துக. குறைந்தது நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரேனும் நிறுத்தினால் நுரையீரல் தேறும். பற்களைப் பல் வைத்தியரிடம் காட்டுக. சொத்தைப் பல்லிலிருந்து குருதியிற் கலக்கும் கிருமிகள் புதிய வால்விற் குடியேறினால் அது உயிராபத்தான நோய். ஆதலால் பிடுங்கவேண்டிய பல்லைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே பிடுங்குவித்தல் வேண்டும். நீரிழிவுடையோர் சர்க்கரையையும், குருதிச்சோகையுடையோர் அதனையும் சீராக்குக. மெலிந்தோர் பருப்பு, பால், முட்டை, மீன் என்பவற்றால் உடலைத் தேற்றுக. மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடும் பயிற்சியைத் தினமும் செய்க. சிறு பந்துகள் எழும்பும் ஊதற்கருவி ஒன்றை இதற்குத் தருவர். பின்னாளில் அப்பயிற்சியே நுரையீரலிற் சளி தேங்காது காக்கும்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுக்க வேண்டும். ஆங்கில மருந்து மட்டுமன்றி நாட்டு வைத்தியர் தந்த சூரணமும் தைலமும் அதில் இடம்பெற வேண்டும். எதனையும் தாமாக நிறுத்துதலும் தாமாகத் தொடர்தலும் தவறு. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எந்நாளில் நிறுத்துவது என்பதை வைத்தியரே கூறுவர்.

பரிசோதனைகளும் பல. இருதயத்தின் மின்வரைபு, ஒலியலையாற் பார்க்கும் எக்கோ, மார்புப் படம், குருதிப் பரிசோதனைகள் என்பவற்றோடு, நடுவயதைக் கடந்தோர்க்கு இருதயத்துக்குக் குருதி கொடுக்கும் நாடிகளில் அடைப்பு உண்டோ எனவும் பார்ப்பர். அவ்வாறு அடைப்பு இருப்பின் இரண்டையும் ஒரே வேளையிற் சீராக்குவர்.

வீட்டாரும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். யார் உடன்செல்வது, யார் வீட்டைப் பார்ப்பது, எழுந்து நடமாட வசதியான அறை எது என்பவற்றை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் நன்று. எம் காலத்தில் நானூறு கிலோமீற்றர் கடந்து கொழும்பு செல்ல வேண்டியிருந்தது. இப்பொழுது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் திறந்த இருதயச் சத்திரசிகிச்சை நடைபெற்று வருவது வடபகுதி மக்களுக்குப் பேருதவி.

அந்த நாள்

முதல்நாள் கிருமிநாசினி கலந்த சவர்க்காரத்தால் நீராட்டுவர். மார்பு மயிரைக் கழிப்பர். குறித்த நேரத்தின் பின் உணவும் நீரும் இல்லை. மயக்க மருந்து ஏறிய பின் நோயாளி அறிவது எதுவுமில்லை. நெஞ்செலும்பை நெடுக்காகப் பிளந்து, குருதியை இயந்திரத்தின் வழியே செலுத்தி, பொற்றாசியம் கலந்த கரைசலால் இருதயத்தை அசைவற நிறுத்துவர். பழுதான வால்வை வெட்டியகற்றிப் புதியதைத் தைப்பர். பின் இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கும். எலும்பை உருக்குக் கம்பியால் இறுக்கித் தைத்து மூடுவர். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மணித்தியாலங்களில் யாவும் நிறைவுறும். அக்கம்பிகள் உள்ளேயே இருக்கும், அவற்றால் தீங்கில்லை.

நோயாளி கண்விழிக்கும்போது பெரிதும் அஞ்சுவது ஒன்று, பேச இயலாமை. வாய்வழியே மூச்சுக்குழாய் செருகியிருப்பதால் குரல் எழாது. யாமும் எம் குரல் போயிற்றென்று கலங்கினோம். சில மணித்தியாலங்களிற் குழாயை எடுத்ததும் குரல் திரும்பியது. இதனை முன்னரே அறிந்திருந்தால் அக்கலக்கம் வந்திராது. மார்பிலிருந்து நீரும் குருதியும் வடியும் குழாய்களும், சிறுநீர்க் குழாயும், கழுத்திலும் கையிலும் ஊசிகளும் இருக்கும். உடன்வந்தோர் இக்கோலத்தைக் கண்டு அழுதல் கூடாது. இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுவன. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நாட்களும், பொது விடுதியில் ஒரு வாரமளவிலும் தங்க நேரிடலாம். முதுமையுடையோர் சிலர் இரவில் இடம் காலம் மறந்து பிதற்றுவர். பெரும்பாலும் சில நாட்களில் அது தெளியும். மூன்றில் ஒருவர்க்கு நாடித்துடிப்பு ஒழுங்கின்றி ஓடும்; அதற்கும் மருந்துண்டு.

தாதியர் மறுநாளே எழுப்பி அமர்த்துவர். அதற்கடுத்து நடக்கச் சொல்வர். ‘இது கொடுமை’ என்று தோன்றும். அதுவே உயிர்காப்பது. இருமும்போது தலையணையொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுக, நோ குறையும்.

வீடு திரும்பிய பின்

பிளந்த எலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். முற்றாக வலுப்பெற மூன்று மாதமளவாகும். அதுவரை கிணற்றில் நீரள்ளல், தேங்காய் துருவல், பேரப்பிள்ளையைத் தூக்கல், துவிச்சக்கரவண்டியோ மோட்டார்ச் சைக்கிளோ ஓட்டல் ஆகாது. கதிரையிலிருந்து எழும்போது கைகளை ஊன்றி எழாமற் கால்வலிமையாலே எழுதல் வேண்டும். நடத்தல் மட்டும் நன்று. யாம் முதல் வாரம் முற்றத்திலும், இரண்டாம் வாரம் ஒழுங்கை முடிவு வரையும், ஆறாம் வாரம் கடற்கரை வரையும் நடந்தோம்.

உடலிலும் மனத்திலும் சில மாற்றங்கள் தோன்றும். உணவின் சுவை மாறும், பசி குன்றும், மலம் இறுகும், இரவில் உறக்கம் கெடும். காரணமின்றிக் கண்ணீர் வரும். வலிய ஆண்மக்களும் அழுவர். அதனை வெட்கமென எண்ணற்க. அது பலர்க்கும் வருவது, வாரங்களிற் கழிவது. கழியாதாயின் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் முதலிய உப்பு மிகுந்தவற்றைக் குறைத்தல் வேண்டும். நாள்தோறும் காலையில் நிறை பார்த்து எழுதிவைத்தலும் நன்று. இரண்டொரு நாளில் நிறை சடுதியாகக் கூடினால் உடலில் நீர் தேங்குகின்றது என்பது பொருள்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், காயத்திற் சிவப்பு அல்லது சீழ், நெஞ்செலும்பு அசைவதுபோன்ற உணர்வு, மூச்சுத்திணறல், பேச்சுத் தடுமாற்றம், ஒரு கை கால் சோர்தல், கறுத்த மலம் என்பவற்றுள் எது தோன்றினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. வைத்தியரின் குறிப்பின்றிக் காய்ச்சலுக்கென அயலவர் தரும் கிருமிக்கொல்லிக் குளிசைகளை விழுங்கற்க. அது நோயை மறைத்து வளர்க்கும்.

நாள்தோறும் ஒரு குளிசை

இயந்திர வால்வு பெற்றோர்க்கு இப்பகுதியே இன்றியமையாதது. 1920களில் வட அமெரிக்காவிற் கெட்டுப்போன ஒருவகைப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி பெருகி இறந்தன. அதன் காரணத்தை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக் கார்ள் லிங்க் குழுவினர் ஆராய்ந்து கண்டனர். அவ்வாராய்ச்சியிற் பிறந்த வார்பரின் 1948இல் எலிமருந்தாகக் கடைகளுக்கு வந்தது. 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. 1955இல் மாரடைப்புற்ற அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. அளவோடு உண்டால் மருந்து, அளவு மீறினால் நஞ்சு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அந்த அளவைக் காட்டுவது குருதிப் பரிசோதனையில் வரும் ‘ஐ. என். ஆர்.’ என்னும் எண். வார்பரின் உட்கொள்ளாதவர்க்கு அது ஏறத்தாழ 1. இயந்திரப் பெருநாடி வால்வு உடையோர்க்குப் பெரும்பாலும் 2 முதல் 3 வரையும், இருகூர் வால்வு உடையோர்க்கு 2.5 முதல் 3.5 வரையும் இருத்தல் வேண்டும். குறைந்தால் வால்வில் உறையும். கூடினால் எங்கேனும் குருதி பெருகும். குளிசையை நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்க. மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். மறுநாள் இரட்டித்து உட்கொள்ளல் ஆகாது. புதிதாக வந்துள்ள பரிசோதனை வேண்டாத உறைவெதிர் மருந்துகள் இயந்திர வால்வுக்கு ஏற்றவை அல்ல.

முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி முதலிய கீரைகளில் வார்பரினின் வேலையைக் குறைக்கும் சத்து உண்டு. அதனாற் கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு கிழமை நிறைய உண்டு மறுகிழமை அறவே விடுதலே தவறு. அளவு ஒத்திருத்தல் வேண்டும். விரதமும் அத்தகையதே. யாம் ஓராண்டு கந்தசஷ்டி ஆறுநாளும் பாலும் பழமும் மட்டும் கொண்டு, குளிசையை வழக்கம்போல் விழுங்கினோம். ஏழாம் நாள் ஈறுகளிற் குருதி கசிந்தது. எண் ஐந்தைத் தாண்டியிருந்தது. முருகன் காத்தான், எனினும் வைத்தியரைக் கேளாதது எம் பிழையே. செடில் குத்துதல், அலகு பாய்ச்சுதல் போன்ற நேர்த்திகளும் இனி ஆகா. அவற்றாற் குருதி பெருகுதலும், கிருமி வால்வை அடைதலும் நேரக்கூடும். ஈசன் வைத்தீஸ்வரனாக எழுந்தருளியிருக்கும் ஊர் எம்மூர். நோயாளி தன் உடலைக் காப்பதையும் அவன் வழிபாடாகவே ஏற்பான் என்பது எம் துணிபு.

அன்றியும், பல் பிடுங்குமுன் கிருமிக்கொல்லி உட்கொள்ள வேண்டும் என்பதைப் பல் வைத்தியர்க்கு நினைவூட்டுக. நோவுக்குக் கடையில் வாங்கும் அஸ்பிரின் முதலிய குளிசைகளைத் தாமாக உட்கொள்ளற்க. வால்வின் வகை, திகதி, மருந்தின் அளவு என்பன எழுதிய அட்டையை எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பர் ஒருவரைப் பற்றி இங்கு சொல்லாதிருக்க இயலவில்லை. எமக்கு நான்கு ஆண்டுகள் முந்தி இதே சத்திரசிகிச்சையைப் பெற்றவர். யாம் அஞ்சியபோது தம் சட்டையைத் திறந்து வடுவைக் காட்டி, எம் காதைத் தம் நெஞ்சில் வைத்து அவ்வொலியைக் கேட்கச் செய்து துணிவூட்டியவர் அவரே. நோய் நீங்கியவர்க்கு எலிமருந்து எதற்கு என யாரோ சொன்னதைக் கேட்டு அவர் குளிசையை நிறுத்திவிட்டார். சில மாதங்கள் ஒன்றும் நேரவில்லை. அதுவே அவரை ஏமாற்றிற்று. ஒருநாள் மாலை மூச்சுத்திணறல் கண்டது. அதற்கு முதல்நாளிரவே அவ்வொலி மங்கியிருந்ததாக அவர் மனைவியார் பின்னர் எம்மிடம் சொல்லி அழுதார். உறைந்த குருதியில் வால்வு இறுகிவிட்டது. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் முன்னரே அவர் காலமானார். ஒலி மங்குதல் எச்சரிக்கை என்பதை அன்று அவ்வீட்டார் எவரும் அறிந்திருக்கவில்லை. இக்கட்டுரையைப் படிப்போர் அறிந்துகொள்க.

மாணவர்க்கும் ஆசிரியர்க்கும்

இறுதியாக, இன்று வகுப்பறையில் இருப்போர்க்கு ஒரு சொல். எமக்கு நேர்ந்தது தடுக்கத்தக்கது. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கிருமியால் வரும் தொண்டைநோவை உரிய மருந்தால் முழுமையாக மாற்றினால் மூட்டுவாதக் காய்ச்சல் பெரும்பாலும் வாராது. ஒருமுறை வந்தவர்க்கும் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வைத்தியர் குறித்த ஆண்டுவரை தவறாது போட்டுவந்தால் வால்வு மேலும் பழுதுறாது காக்கலாம். தொண்டைநோவின் பின் ஒரு மாணவனின் மூட்டு வீங்கி, அது ஆற வேறொரு மூட்டு வீங்குமாயின், அதனை வளர்ச்சிநோ என்று விடாது, ஊறணி வைத்தியசாலைக்கோ மந்திகை வைத்தியசாலைக்கோ அன்றே அனுப்புமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். ஊசிக்குச் செல்லும் நாளில் வரவு குறைந்ததென்று அம்மாணவனைக் கடியற்க.

எம் பேரன் இவ்வாண்டு எமது கல்லூரியிலே கற்கின்றான். இரவில் எம் நெஞ்சொலியைக் கேட்டபடி உறங்கும் அவன், “அப்பப்பா, குளிசை போட்டாச்சோ?” என்று இப்பொழுது கேட்கக் கற்றுக்கொண்டான். அருகிருந்து பணிபுரிவோர் என்னும் நான்காம் கூறு எம் வீட்டில் அவனே. எம்மை ஆளாக்கிய கல்லூரி அவனையும் ஆளாக்குக, நீடு வாழ்க.